அணிக்கு 59 வெற்றி, அதில் ஒருவருக்கே 27: ஸ்டீவ் கார்ல்டனின் 1972 சீசன்

கணக்குப்பிள்ளை:

பேஸ்பால் கணக்குகளில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒன்றை இங்கே போடுகிறேன். இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்க ஆசை.

1972-ல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி 156 ஆட்டங்கள் ஆடியது. 59 வெற்றி, 97 தோல்வி. மேஜர் லீக்கின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் கிழக்குப் பிரிவில் கடைசி இடம். அந்த 59 வெற்றிகளில் 27, ஸ்டீவ் கார்ல்டன் என்ற இடதுகை பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவரின் பெயரிலேயே இருக்கிறது. 45.8 சதவீதம். 1900-க்குப் பிறகு மேஜர் லீக்கில் தன் அணியின் வெற்றிகளில் இவ்வளவு பெரிய பங்கை எந்த பிட்சரும் எடுத்ததில்லை. அதே அணியில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரின் வெற்றிக் கணக்கு வெறும் 7.

கார்ல்டனின் சீசன் இப்படி: 41 ஆட்டங்களில் தொடக்க பிட்சர். 27 வெற்றி, 10 தோல்வி. 346⅓ இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ், ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது). 310 ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றியது. 8 ஷட்-அவுட், அதாவது எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தானே முடித்த ஆட்டங்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை சேராது), அதாவது இ.ஆர்.ஏ., 1.97. வெற்றி, ஸ்ட்ரைக்-அவுட், இ.ஆர்.ஏ. மூன்றிலும் நேஷனல் லீக்கில் முதலிடம். லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாகக் கிடைத்தது. கடைசி இடத்தில் முடித்த அணியின் பிட்சருக்கு!

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது இன்னொரு கணக்கு. கார்ல்டன் தொடங்கிய 41 ஆட்டங்களில் ஃபில்லீஸ் 29 வெற்றி, 12 தோல்வி. மற்றவர்கள் தொடங்கிய 115 ஆட்டங்களில் 30 வெற்றி, 85 தோல்வி. முதல் கணக்கு 70.7 சதவீதம், எந்த வருடமும் பட்டம் வெல்லக்கூடியது. இரண்டாவது 26.1 சதவீதம். மோசமான அணிக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் 1962 நியூயார்க் மெட்ஸ் 40 வெற்றி, 120 தோல்வி, 25 சதவீதம். ஆக, நாலு நாளைக்கு ஒருமுறை சாம்பியன், மற்ற நாட்களில் 1962 மெட்ஸ். ஒரே சட்டை, ஒரே மைதானம்.

இதைவிடப் பெரிய தனிமனித சீசன் உண்டா?

புதுசு:

சார், நான் கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். ஒன்பது பேர் ஆடுகிற ஆட்டத்தில் வெற்றியை எப்படி ஒரு பிட்சர் பெயரில் எழுதுகிறார்கள்? நம் ஊரில் ஐந்து விக்கெட் எடுத்தாலும் பௌலருக்கு "வெற்றி 1" என்று யாரும் எழுதுவதில்லையே.

ஸ்கோர்புக்:

நல்ல கேள்வி தம்பி. இது புரியாமல் இந்த இழையே புரியாது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த அணியில் ஒரு பிட்சருக்கு வெற்றி, தோற்ற அணியில் ஒருவருக்குத் தோல்வி. தொடக்க பிட்சர் வெற்றியை வாங்க வேண்டுமானால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் விலகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலையைக் கடைசிவரை இழக்கக் கூடாது. பின்னால் வந்தவர் அதைப் பறிகொடுத்து, அணி மறுபடி எழுந்து ஜெயித்தால் வெற்றி வேறொருவருக்குப் போய்விடும். தொடக்க பிட்சருக்கு வெற்றியும் கிடையாது, தோல்வியும் கிடையாது. அதை "நோ டிசிஷன்" என்பார்கள்.

ஆக, எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினாலும் நம் பேட்டர்கள் ரன் எடுக்காவிட்டால் வெற்றி வராது. ஐந்து இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தாலும் நம்மவர்கள் எட்டு ரன் எடுத்துக் காப்பாற்றிவிட்டால் வெற்றி உங்களுக்குத்தான்.

எதிர்க்கரை:

ஸ்கோர்புக் சொன்னதே என் வாதத்துக்குப் போதும். வெற்றி என்பதே நம்ப முடியாத அளவுகோல். அதை அணியின் மொத்த வெற்றியால் வகுத்தால் இன்னும் மோசம். எப்படி என்று பாருங்கள்.

27-ஐ 59-ஆல் வகுத்தால் 45.8. மற்ற பிட்சர்கள் இன்னும் பத்து ஆட்டம் ஜெயித்திருந்தால் 27-ஐ 69-ஆல் வகுத்து 39.1. கார்ல்டன் கூடுதலாக ஒரு பந்து வீசவில்லை, குறைவாகவும் வீசவில்லை. கூட ஆடுகிறவர்கள் எவ்வளவு மட்டமோ அவ்வளவு உயர்கிற ஒரு எண்ணை எப்படிச் சாதனை என்பது?

இன்னொரு பக்கம் 2018-ல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிக்ராம். 32 ஆட்டம், 217 இன்னிங்ஸ், 269 ஸ்ட்ரைக்-அவுட், இ.ஆர்.ஏ. 1.70. கார்ல்டனைவிடக் குறைவு. வெற்றி எத்தனை? 10. தோல்வி 9. அந்த சீசனில் தொடர்ந்து 29 ஆட்டங்களில் மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்கவில்லை. அவருக்கும் சை யங் கிடைத்தது, 30 முதலிட ஓட்டுகளில் 29. அணியின் வெற்றி 77, அதில் அவர் பங்கு 13 சதவீதம். 45.8 என்றால் மகத்துவம், 13 என்றால் என்ன? டிக்ராம் மூன்றில் ஒரு பங்கு பிட்சரா?

கணக்குப்பிள்ளை:

எதிர்க்கரை, சதவீதம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது கண்ணைப் பறிக்கிற எண், அளவுகோல் இல்லை. அதனால்தான் 29-12, 30-85 கணக்கைச் சேர்த்துப் போட்டேன். ஆனால் டிக்ராமைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது.

கார்ல்டனின் 41 ஆட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். 27 வெற்றி, 10 தோல்வி, ஆக 37 ஆட்டங்களில் முடிவு அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. மிச்சம் நாலே நாலு. அணியின் கணக்கு 29-12 என்பதால் அந்த நாலில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி.

டிக்ராமின் 32-ஐ அதே மாதிரிப் பிரியுங்கள். 10 வெற்றி, 9 தோல்வி, மிச்சம் 13. அவர் தொடங்கிய ஆட்டங்களில் மெட்ஸின் கணக்கு 14-18. அப்படியானால் அந்த 13-ல் அணி ஜெயித்தது 4, தோற்றது 9.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கார்ல்டன் 30 ஆட்டங்களைத் தானே முடித்தார். டிக்ராம் அந்த ஆண்டு முடித்தது 1. இன்னிங்ஸை ஆட்டங்களால் வகுத்தால் கார்ல்டன் ஒவ்வொரு முறையும் சராசரி 8.4 இன்னிங்ஸுக்கு மேல், டிக்ராம் 6.8. பிட்சர் கடைசிவரை நின்றால் நோ டிசிஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. புல்பென், அதாவது பின்னால் வரும் மாற்று பிட்சர்கள், வந்து பறிகொடுக்கவும் வழியில்லை.

அதாவது "வெற்றி" என்ற கணக்கு 1972-ல் அவ்வளவு பொய் சொல்லவில்லை. ஆட்டம் முழுக்க ஒரே கை வீசிய காலத்தில் உருவான கணக்கு அது. அந்தக் காலத்துக்கு அது பொருந்தும். அதை 2018-க்குக் கொண்டுபோய் டிக்ராமை அளந்தால்தான் அநியாயம்.

ஸ்கோர்புக்:

மெட்ஸ் கணக்கில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. மொத்தம் 77-85. டிக்ராமின் 14-18-ஐக் கழித்தால் மற்றவர்கள் தொடங்கிய ஆட்டங்களில் 63-67. சதவீதமாக 48.5. டிக்ராம் தொடங்கியபோது 43.8. லீக்கிலேயே தலைசிறந்த பிட்சர் பந்து வீசும் மேட்டில் நின்ற நாட்களில் அந்த அணி மற்ற நாட்களைவிடக் குறைவாக ஜெயித்தது. ஒரு பிட்சருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்!

ஜெர்சி செந்தில்:

நான் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே வயதான ரசிகர்களிடம் 1972 என்று சொன்னால் போதும், கார்ல்டனை விட்டு வேறு எதையும் பேச மாட்டார்கள். "லெஃப்டி" என்றுதான் சொல்வார்கள், பெயரே தேவையில்லை.

அவர் ஃபில்லீஸுக்கு வந்த கதையைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. 1971-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 20 வெற்றி, 9 தோல்வி. அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் தகராறு. இரு தரப்புக்கும் இடையில் இருந்தது சில ஆயிரம் டாலர்தான். அணி உரிமையாளர் கஸ்ஸி புஷ் கோபத்தில் அவரை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டார். 1972 பிப்ரவரியில் ரிக் வைஸை வாங்கிக்கொண்டு கார்ல்டனைக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு ஃபிலடெல்ஃபியா ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு நியாயமும் இருந்தது. வைஸ் சாதாரண ஆளில்லை. 1971 ஜூன் மாதம் சின்சினாட்டிக்கு எதிராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசி, அதே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்னும் (நம் ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். ஒரு பிட்சர்! அந்த வைஸ் 1972-ல் கார்டினல்ஸுக்கு 16 வெற்றி, 16 தோல்வி. சராசரியான நல்ல வருடம்தான். ஆனால் எதிர்த் தட்டில் 27-10 இருக்கிறதே.

ஸ்லைடர் விஷயமும் உண்டு. 1968 சீசன் முடிந்து கார்டினல்ஸ் ஜப்பான் போனபோது கார்ல்டன் பழகிய பந்து அது. ஃபில்லீஸுக்கு வந்தபிறகு அதுவே அவருடைய முத்திரையாகிவிட்டது. வலதுகை பேட்டருக்கு ஸ்ட்ரைக் மாதிரியே வரும், கடைசி நேரத்தில் அவர் காலடிக்குள் சரிந்து இறங்கும். மட்டையைச் சுற்றி முடித்தபிறகுதான் பந்து எங்கே போயிற்று என்று தெரியும். 310 ஸ்ட்ரைக்-அவுட்டில் பெரும் பகுதி அதற்குத்தான் சேரும் என்பேன்.

புதுசு:

விளக்கத்துக்கு நன்றி ஸ்கோர்புக் அண்ணா. படிக்கும்போது எனக்கு ரிச்சர்ட் ஹாட்லீ ஞாபகம் வருகிறார். அவர் ஆடிய 86 டெஸ்டில் நியூசிலாந்து ஜெயித்தது 22. 1985-ல் பிரிஸ்பேனில் ஒரே டெஸ்டில் 15 விக்கெட். அவர் இல்லாத நியூசிலாந்தை அந்தக் காலத்தில் யார் பயந்தார்கள்? கார்ல்டனும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

45.8 சதவீதத்துக்கு முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

பழைய ஏடு:

சொல்கிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது.

கார்ல்டனுக்கு மிக நெருங்கி நிற்பவர் எட் வால்ஷ். 1908, சிகாகோ ஒயிட் சாக்ஸ். அணிக்கு 88 வெற்றி, அதில் வால்ஷ் 40. 45.5 சதவீதம். கார்ல்டன் 45.76, வால்ஷ் 45.45. நூலிழை வித்தியாசம். அவர் அந்த ஆண்டு வீசியது 464 இன்னிங்ஸ்.

அவருக்கு முன்னால் ஜாக் செஸ்ப்ரோ. 1904, நியூயார்க் ஹைலேண்டர்ஸ், இன்றைய யாங்கீஸ். 92-ல் 41. 44.6 சதவீதம். 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் 41 வெற்றி என்பதை இன்றுவரை யாரும் தொடவில்லை. பாவம், அவரைப் பற்றிப் பேசினால் அந்த 41-ஐவிட சீசனின் கடைசி நாளில் பட்டத்தைப் பறித்த அவருடைய வைல்டு பிட்ச்தான் (கேட்சர் பிடிக்க முடியாதபடி தவறிய பந்து) முதலில் வரும்.

1901-ல் சின்சினாட்டியின் நூடுல்ஸ் ஹான். பெயரே அதுதான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 52-ல் 22, 42.3 சதவீதம். கார்ல்டனைப் போலவே அவரும் இடதுகை, அணியும் கடைசி இடம்.

19-ஆம் நூற்றாண்டுக்குள் போனால் எல்லாம் தலைகீழ். 1884-ல் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் ஓல்டு ஹாஸ் ராட்பர்ன். அணிக்கு 84 வெற்றி, அவருக்கு 59 என்று சிலர், 60 என்று சிலர். எதை எடுத்தாலும் 70 சதவீதத்துக்கு மேல். ஆனால் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் பக்கத்து ஹோம் பிளேட்டுக்கும் இடையில் இன்றைய 60 அடி 6 அங்குலத் தூரம் வந்தது 1893-ல்தான். அதற்கு முன்னால் பிட்சர் இன்னும் கிட்டே நின்று வீசினார், ஒரு அணிக்கு ஒன்றிரண்டு பிட்சர்களே எல்லா நாளும் வீசினார்கள். அதை இந்தப் பட்டியலோடு சேர்க்கக் கூடாது.

ஒன்று கவனியுங்கள். வால்ஷின் ஒயிட் சாக்ஸும் செஸ்ப்ரோவின் ஹைலேண்டர்ஸும் கடைசி வாரம்வரை பட்டத்துக்குப் போட்டியிட்ட அணிகள். 1908 அக்டோபர் 2-ல் வால்ஷ் 15 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து ஒரே ரன் கொடுத்தும் 1-0 என்று தோற்றார், ஏனென்றால் எதிரே கிளீவ்லேண்டின் ஆடி ஜாஸ் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் பெர்ஃபெக்ட் கேம் வீசினார். அதற்குப் பெயர் பட்டப் போட்டி. கார்ல்டனுக்கு அந்த மாதிரி ஒரு நாளும் கிடையாது. ஜூலையிலேயே மேலாளர் ஃபிராங்க் லுக்கேஸியை நீக்கிவிட்டு பொது மேலாளர் பால் ஓவன்ஸ் தானே அணியை நடத்த இறங்கினார். அணியின் சீசன் எப்போதோ முடிந்துபோயிருந்தது. முடிந்துபோன அந்த சீசனில் ஒருவர் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை நின்று வீசிக்கொண்டிருக்கிறார். எனக்கு வால்ஷைவிட இதுதான் பெரிது.

எதிர்க்கரை:

பழைய ஏடு, அருமையான பதிவு. ஆனால் வால்ஷுக்கும் கார்ல்டனுக்கும் நூலிழை வித்தியாசம் என்றால், 1972-ல் 156 ஆட்டம்தான் என்பதை மறக்கலாமா? அந்த ஏப்ரலில் வீரர்கள் வேலைநிறுத்தம், லீக் முழுக்க 86 ஆட்டங்கள் ரத்து. அவற்றை மறுபடி ஆடவே இல்லை. ஃபில்லீஸ் இன்னும் ஆறு ஆடியிருந்தால்?

கணக்குப்பிள்ளை:

போட்டுப் பார்க்கலாம். ஆறு ஆட்டத்தில் கார்ல்டனுக்கு ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். அணி இரண்டு ஜெயித்து அதில் ஒன்று அவருடையது என்றால் 61-ல் 28, 45.9. அவருக்கு எதுவும் கிடைக்காமல் அணி இரண்டு ஜெயித்தால் 61-ல் 27, 44.3, வால்ஷ் முந்திவிடுவார். ஆக, சாதனை இரண்டு பக்கமும் சாயக்கூடியதுதான். நான் அதில் பிடிவாதம் பிடிக்கவில்லை.

நான் பிடிவாதம் பிடிப்பது இதில்: கார்ல்டனின் 41 ஆட்டங்களையும் மற்றவர்கள் தொடங்கியிருந்தால், அவர்களுடைய 26.1 சதவீதப்படி அணி ஜெயித்திருப்பது 11 அளவுக்கு இருக்கும். ஜெயித்தது 29. ஒரே ஆள் 18 வெற்றி கூட்டியிருக்கிறார். இதை வேலைநிறுத்தம் எப்படி மாற்றும்?

ஜெர்சி செந்தில்:

அந்த 15 தொடர் வெற்றியை யாரும் சொல்லவே இல்லையே!

ஜூன் தொடங்கும்போது கார்ல்டன் 5-6. ஆமாம், தோல்விதான் அதிகம். அங்கிருந்து ஒரு தோல்விகூட இல்லாமல் 15 வெற்றி. ஆகஸ்ட் 17-ல் சின்சினாட்டியை வீழ்த்தியபோது 20-6. அந்த சின்சினாட்டிதான் அந்த ஆண்டு நேஷனல் லீக் பட்டத்தை வென்றது.

அது முடிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 21, அட்லாண்டா பிரேவ்ஸ். எதிரே நக்கிள்பால் (சுழலாமல் தள்ளாடி வரும் மெதுவான பந்து) வீசும் ஃபில் நீக்ரோ. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை, கூடுதல் இன்னிங்ஸ். பதினோராவது இன்னிங்ஸிலும் கார்ல்டனே வீசிக்கொண்டிருக்கிறார். 2-1, தோல்வி. பதினொரு இன்னிங்ஸில் இரண்டே ரன் கொடுத்தவர் பெயரில் தோல்வி என்று எழுதினார்கள். ஃபில்லீஸ் பேட்டர்கள் எடுத்தது ஒன்று.

எதிர்க்கரை கேட்டதற்கு இதுவும் ஒரு பதில். அவருக்கு அணி ரன் குவித்துக் கொடுத்து வெற்றி வரவில்லை. அந்த ஆண்டு ஃபில்லீஸ் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று ரன் சொச்சம்தான் எடுத்தது. ஹோம் ரன்னில் முதலிடம் கிரெக் லுசின்ஸ்கி, அவருக்கே 18. பின்னாளில் அணியின் பெரிய பேட்டரான மைக் ஷ்மிட் அணிக்குள் வந்ததே செப்டம்பரில்.

எதிர்க்கரை:

சரி, மற்ற பிட்சர்கள் மட்டம் என்ற பேச்சு இந்த இழை முழுக்க ஓடுகிறது, நானே அதில்தான் ஆரம்பித்தேன். அதற்கு எதிராக ஒரு கணக்கை நானே போடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அந்த அணியில் கென் ரெனால்ட்ஸ் 2-15. பில் சாம்பியன் 4-14. வுடி ஃப்ரைமன் 4-10. பார்த்தால் எல்லோரும் வீசத் தெரியாதவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் ஃப்ரைமனை ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே போனதும் 10 வெற்றி, 3 தோல்வி. அதே ஆண்டு, அதே கை. டைகர்ஸ் அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவைப் பிடித்தது பாஸ்டனைவிட அரை ஆட்டம் முன்னால். டைகர்ஸ் 86-70, பாஸ்டன் 85-70. வேலைநிறுத்தத்தால் ஒரு ஆட்டம் வித்தியாசம், அந்த அரை ஆட்டம் அதனால் வந்தது. ஃப்ரைமன் இல்லாமல் டைகர்ஸ் அங்கே போயிருக்கவே முடியாது.

ஃபிலடெல்ஃபியாவில் 4-10 ஆக இருந்தவர் வேறு சட்டை போட்டதும் 10-3 என்றால், அந்தச் சட்டையோடு 27-10 எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. சதவீதத்தை இன்னும் நான் ஏற்கவில்லை. 27-10-ஐ ஏற்கிறேன்.

பழைய ஏடு:

ஃப்ரைமன் கணக்கு பிரமாதம்!

அதே 1972-ல் இன்னொருவரையும் பாருங்கள். கிளீவ்லேண்டில் கேலர்டு பெர்ரி, 24-16, இ.ஆர்.ஏ. 1.92, அமெரிக்கன் லீக் சை யங். அணிக்கு 72 வெற்றி. 72-ல் 24, சரியாக மூன்றில் ஒன்று. வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இதைத்தான் பேசிக்கொண்டிருப்போம். கார்ல்டன் அதே ஆண்டில் நின்று மறைத்துவிட்டார்.

புதுசு:

அடுத்த ஆண்டு கார்ல்டன் என்ன ஆனார்? கேட்கவே பயமாக இருக்கிறது.

ஸ்கோர்புக்:

பயம் சரிதான். 1973: 13 வெற்றி, 20 தோல்வி. லீக்கிலேயே அதிகத் தோல்விகளில் ஒன்று. இ.ஆர்.ஏ. 3.90. ஆனால் அணி? 71 வெற்றி, 91 தோல்வி. முந்தைய ஆண்டைவிட 12 வெற்றி அதிகம். 1972-ல் அவர் மேலே, அணி கீழே. 1973-ல் அவர் சறுக்கினார், அணி கொஞ்சம் ஏறியது. முந்தைய ஆண்டு வீசிய 346 இன்னிங்ஸ் கையைப் பிடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

புதுசு:

அப்புறம் அவருக்கு நல்ல அணியே அமையவில்லையா?

ஜெர்சி செந்தில்:

அமைந்தது தம்பி. 1980. கார்ல்டன் 24-9, மூன்றாவது சை யங். மைக் ஷ்மிட் அப்போது உச்சத்தில். ஃபில்லீஸ் வரலாற்றிலேயே முதல் வேர்ல்டு சீரிஸ் பட்டம். கான்சஸ் சிட்டிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், பட்டத்தை முடிவு செய்த அந்த இரவில், வெற்றி பிட்சர் கார்ல்டன்தான். முடித்துக் கொடுத்தது புல்பென்னிலிருந்து வந்த டக் மெக்ரா.

கணக்குப்பிள்ளை கேட்பார், நானே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆண்டு அணிக்கு 91 வெற்றி, அவருக்கு 24. 26.4 சதவீதம்.